துணைக்கு யார் வருகிறார்கள்?

சென்ற மாதம் நம் சங்கத்து மாதர் பிரிவுக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் காசிக்குத் தனியாகப் போய்வந்த கதையை நாலைந்து பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று கேட்ட மலர்க் குழுவினர், "இதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள் அம்மா, நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உபயோகமாக இருக்கும்" என்றார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. வீட்டுக் கணக்கும் ஊருக்குக் கடிதமும்தான் எழுதியிருக்கிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1979-ல் கல்யாணமாகி டில்லிக்கு வந்தேன். ஆர்.கே. புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் தென்காசி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்.டி.சி.யில் ஊருக்குப் போவோம். டிக்கெட் அவர் சட்டைப் பையில் இருக்கும். எந்தப் பெட்டி, எந்த சீட், வண்டி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது எத்தனை வேளைக்குப் புளியோதரை, எத்தனை வேளைக்கு இட்லி மிளகாய்ப்பொடி என்பதுதான். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே போய்வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட ரிசர்வேஷன் பாரத்தை நான் பூர்த்தி செய்ததில்லை.

வயதான பெண்களை ஊருக்கு அனுப்ப அப்போது நம்மவர்களிடம் ஒரு வழி இருந்தது. பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். செக்டாரில் யார் ஊருக்குப் போகிறார்கள் என்று விசாரிப்போம். யாராவது அகப்பட்டால், "எங்க அத்தையை சென்ட்ரலில் இறக்கிவிட்டால் போதும், கொழுந்தனார் வந்து அழைத்துக்கொள்வார்" என்று ஒப்படைத்துவிடுவோம். என் மாமியார் இந்த மாதிரி மூன்று தடவை ஜி.டி.யில் போயிருக்கிறார். அதில் ஒரு தடவை கூடப் போனவர் யாரென்றே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர், தமிழ் பேசுகிறவர், அவ்வளவுதான். பார்சல் அனுப்புவது போலத்தான், ஆனாலும் யாரும் தப்பாக நினைக்கவில்லை. இப்போது போகிறவர்கள் எல்லாரும் விமானத்தில் போகிறார்கள். யார் எப்போது போகிறார்கள் என்பதும் பக்கத்து ஃபிளாட்டுக்குத் தெரிவதில்லை. துணை கிடைப்பது நின்றுபோனது. துணை இல்லாமல் போகக் கூடாது என்ற எண்ணம் மட்டும் நிற்கவில்லை.

2016-ல் அவர் காலமானார். 2018 ஐப்பசியில் தென்காசியிலிருந்து அக்கா பையன் போன் செய்தான். "சித்தி, அம்மாவுக்கு ரொம்ப முடியலை. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றான். போனை அக்காவிடம் கொடுத்தான். "ஏட்டி, எப்பம் வாரே?" என்றாள். "இந்தா, வந்துருதேன்க்கா" என்றேன்.

மகனுக்கு ஆபீஸில் வேலை நெருக்கடி. மருமகள் பள்ளிக்கூட ஆசிரியை, பரீட்சை நேரம். பேரனுக்குப் பத்தாம் வகுப்பு. "பொங்கலுக்கு லீவு போட்டு நானே கூட்டிட்டுப் போறேம்மா" என்றான் மகன். நானும் சரியென்று காத்திருந்தேன். தை பிறந்தது, அக்கா இல்லை. மறுநாள் காலை விமானத்தில் நானும் மகனும் போய்ச் சேர்ந்தோம். உயிரோடு இருந்தவளைப் பார்க்க இரண்டு மாதமாகக் கிடைக்காத லீவு, காரியத்துக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்தது.

இதை மகன்மேல் குறையாகச் சொல்லவில்லை. அவன் என்ன செய்வான்? "நான் மட்டும் போகிறேன்" என்று நானே ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. கையில் குடும்பப் பென்ஷன் இருந்தது. உடம்பில் தெம்பு இருந்தது. அறுபது வயது, அப்போது பெண்களுக்கு ஐம்பத்தெட்டு வயதிலிருந்தே ரயிலில் பாதிக் கட்டணம். வண்டி தினமும் புதுடில்லியிலிருந்து புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் நான் ஏறாத வண்டிகளை இன்னும் கணக்குப் பார்க்கிறேன்.

அந்த வருஷமே புரட்டாசியில், அத்தானைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு ஒரு பகல், காலையில் சென்னை. பகல் முழுவதும் சென்ட்ரலில் பெண்கள் தங்கும் அறையில் இருந்துவிட்டு, சாயங்காலம் மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன் தள்ளி எழும்பூர். அங்கிருந்து பொதிகையில் ஏறினால் விடிந்ததும் தென்காசி. நிஜாமுதீனிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் நேரே திருநெல்வேலிக்குப் போகிறதே என்று சிலர் கேட்பார்கள். போகிறதுதான், ஆனால் தினசரி வண்டி அல்ல. முதல் இரவு நான் கண்ணை மூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயத்தால் இல்லை, பக்கத்து பெர்த்துக்காரர் விட்ட குறட்டை அப்படி.

அதற்குப் பிறகு ஏழெட்டுப் பிரயாணம் ஆகிவிட்டது. அனுபவத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் டிக்கெட். நம் வீடுகளில் பிள்ளைகள்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கே தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அறுபது வயதான ஆண்களுக்கும், நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் என்று கீழ் பெர்த்துகள் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். படுக்கை வசதியுள்ள சாதாரண வகுப்பில் ஒரு பெட்டிக்கு ஆறு ஏழு, மூன்றடுக்கு ஏ.சி.யில் நாலு ஐந்து, இரண்டடுக்கில் மூன்று நாலு. பெண்களுக்கு நாற்பத்தைந்து என்பதைக் கவனியுங்கள். நம் மருமகள்களுக்கே சீக்கிரம் கிடைத்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு டிக்கெட்டில் ஒருவரோ அல்லது இந்தத் தகுதியுள்ள இருவரோதான் இருக்க வேண்டும். பிள்ளை, மருமகள், பேரன் எல்லாரையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இந்த ஒதுக்கீடு கிடையாது. குடும்பத்தோடு போனபோதெல்லாம் எனக்கு நடு பெர்த்தும் மேல் பெர்த்தும் விழுந்ததற்கும், தனியாகப் போக ஆரம்பித்ததிலிருந்து கீழ் பெர்த் கிடைப்பதற்கும் காரணம் இதுதான். தனியாகப் போகிற பெண்ணுக்கு ரயில்வே கொடுக்கும் மரியாதை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் எடுக்கும்போது பொது ஒதுக்கீடு என்று விட்டுவிடாமல், மூத்த குடிமக்கள் கீழ் பெர்த் என்ற ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு நூற்றிருபது நாளுக்குப் பதில் அறுபது நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. அந்த முதல் நாளே எடுத்துவிடுவது நல்லது. கீழ் பெர்த் கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். வண்டியில் ஏறியபின் கீழே காலியாக இருந்தால் டிக்கெட் பரிசோதகர் மாற்றிக் கொடுக்கலாம். கேட்க வேண்டும், அவ்வளவுதான். பாதிக் கட்டணச் சலுகையை மட்டும் 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். இதை எழுதும்வரை திரும்ப வரவில்லை. சலுகை இருந்த காலமெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, அது போன பிறகு முழுக் கட்டணம் கொடுத்து ஊர் சுற்றுகிறேன்.

எந்த வகுப்பு என்பதில் என் அபிப்பிராயம் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் இரண்டடுக்கு ஏ.சி. எடுக்கச் சொல்கிறார்கள். அதில் திரை உண்டு, மரியாதையாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு மூன்றடுக்குதான் சரி. திரை கிடையாது, எட்டுப் பேர் கண்ணெதிரில் இருக்கிறார்கள், யாராவது ஒரு குடும்பம் நிச்சயம் இருக்கும். திரைக்குப் பின்னால் தலை சுற்றி விழுந்தால் யார் பார்ப்பது? மூன்றடுக்கில் ஒரே தொல்லை நடு பெர்த்துக்காரர். சிலர் சாயங்காலம் ஏழு மணிக்கே பலகையை மாட்டிப் படுத்துவிடுவார்கள். நாம் முதுகை வளைத்துக்கொண்டு உட்கார வேண்டும். படுக்கும் நேரம் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் என்பது விதி. சிரித்த முகத்தோடு ஒரு தடவை சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

சாமான் விஷயத்தில் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டு மாடிப்படியில் ஒரு மாடி நானே தூக்கி ஏறிப் பார்ப்பேன். முடியாவிட்டால் பெட்டியைத் திறந்து இரண்டு புடவையை வெளியே எடுத்துவிடுவேன். அக்கா பையனுக்கு என்று பெட்டா டப்பாக்கள் வாங்கி அடுக்கிய காலம் போய்விட்டது. போர்ட்டர் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட வேண்டாம். சிவப்புச் சட்டையும் கையில் பில்லையும் இருக்கிற ஆளாகப் பார்த்து, தூக்குவதற்கு முன்பே கூலியைப் பேசிவிட வேண்டும். பெரிய ஸ்டேஷன்களில் முதியவர்களுக்கு பேட்டரி வண்டியும் இருக்கிறது.

இனி சொல்வது கொஞ்சம் சங்கோசமான விஷயம், ஆனால் யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன். நம் வயதுப் பெண்களில் பெரும்பாலோர் பிரயாணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டும், ஆடுகிற வண்டியில் பாத்ரூம் போக பயம். நானும் முதல் பிரயாணத்தில் அப்படித்தான் ஒரு பகல் முழுக்க அரை பாட்டிலோடு ஓட்டினேன். சென்னையில் இறங்கியதும் தலை சுற்றல், இரண்டு நாளில் நீர்க்கடுப்பும் வந்தது. தென்காசி டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் தண்ணீரைக் குறைத்தால் மயக்கம் வருவது சகஜமாம். இப்போது வேளாவேளைக்குக் குடிக்கிறேன். அடிப்பாகம் வழுக்காத செருப்பு, கைப்பிடியை விடாமல் பிடிப்பது, போகும்போது எதிர் சீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போவது. இந்த மூன்றும் போதும். மருந்து மாத்திரைகள் பெட்டியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். இரண்டு நாளைக்குக் கூடுதலாக.

கைப்பையில் இன்னொன்றும் உண்டு. ஒரு அட்டையில் என் பெயர், பிள்ளையின் போன் நம்பர், ரத்தப் பிரிவு, சாப்பிடும் மருந்துகள் எல்லாம் இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறேன். தமிழிலும் எழுதினேன், அது எனக்காக. ஆதார் அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். போனில் டிக்கெட் இருந்தாலும் காகிதத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன். போன் அணைந்துபோனால் என்ன செய்வது என்ற கவலை இல்லை.

உதவி வேண்டுமென்றால் ரயில்வேயின் எண் 139. திருட்டு, உடம்பு சரியில்லை, பக்கத்தில் இருப்பவன் குடித்துவிட்டுத் தகராறு, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு எண்தான். வேடிக்கை என்னவென்றால், 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் 139-ஆவது பிரிவும் நமக்கு வேண்டியதே. ஆண் துணையில்லாமல் வரும் ஒரு பெண்ணிடம் டிக்கெட்டே இல்லாவிட்டாலும், ராத்திரியில் இறக்கிவிடக் கூடாது. பகலில்தான், அதுவும் அவள் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி முடியும் இடம் அல்லது மாவட்டத் தலைநகரம் ஆகிய இடங்களில்தான் இறக்கலாம் என்று அதில் இருக்கிறது. இதைச் சொன்னது எங்கள் மாடியில் குடியிருக்கும் வக்கீல். டிக்கெட் இல்லாமல் போங்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. பர்ஸ் தொலைந்து, போன் தொலைந்து நிற்கிற நேரத்தில் நடுராத்திரி ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம் என்பதற்காகத்தான்.

வண்டியில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அகேலி ஜா ரஹீ ஹை மாதாஜி?" தமிழ் ஆட்களாக இருந்தால், "தனியாவா வரீங்க? பிள்ளைங்க இல்லையா?" முதலில் எனக்கு இது சுருக்கென்று குத்தும். பிள்ளை இருக்கிறான், நல்லவன், வேலை அதிகம் என்றெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது, "ஆமாம், தனியாகத்தான். நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டுவிடுகிறேன். ஆனால் எந்த ஊரில் எங்கே தங்குகிறேன், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. பிஸ்கட், டீ எது கொடுத்தாலும் வாங்குவதில்லை. சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். அந்த வியாதியால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான்.

இப்போது காசி. எங்கள் ஊர்க் கோயில் காசி விசுவநாதர் கோயில். பராக்கிரம பாண்டியன் கட்டியது. நானும் அக்காவும் சிறுமிகளாக இருந்தபோது அது மொட்டைக் கோபுரம். 1990-ல்தான் ஒன்பது நிலைக் கோபுரம் எழும்பியது. அந்த வாசலில் எப்போதும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். அங்கே நின்றுகொண்டுதான், நிஜக் காசிக்கு ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து போகணும் என்று பேசிக்கொள்வோம். கல்யாணத்துக்குப் பிறகு, "நீ டில்லியில இருக்கே, உனக்குப் பக்கம். நான் வந்ததும் போவோம்" என்பாள். அவள் டில்லிக்கு வரவேயில்லை.

2023 நவம்பரில் நான் மட்டும் போனேன். டில்லியிலிருந்து காலை ஆறு மணிக்கு வந்தே பாரத். பகல் இரண்டு மணிக்குக் காசி. புது ஊருக்குப் போகும்போது வெளிச்சத்தில் போய்ச் சேர வேண்டும். புறப்படும் நேரத்தை விடச் சேரும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

விடுதிக்கு மகன் முன்பே கம்ப்யூட்டரில் பதிவு செய்து கொடுத்திருந்தான். கோதூலியாவுக்குப் பக்கம்; பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார், யாரும் இல்லை என்று தெரிந்ததும் பதிவேட்டை மூடிவிட்டார். தனியாக வரும் பெண்களுக்கு அறை இல்லை என்றார். பணம் கட்டிய ரசீதைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. கொஞ்சம் தாழ்ந்த குரலில், "பேட்டா சோட் கே சலா கயா க்யா?" என்றார். பிள்ளை உங்களை இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டானா என்று கேட்கிறார்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பிறகு உட்கார்ந்து யோசித்தபோது அவர்மேல் முழுக் கோபமும் வரவில்லை. கணவனை இழந்த பெண்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற ஊர் என்ற பெயர் காசிக்குப் பல தலைமுறையாக உண்டு. அங்கே சாவதற்கென்றே வருபவர்கள் தங்க முக்தி பவன் என்ற இடமே இருக்கிறது. தனியாக வரும் கிழவியைப் பார்த்தால், ஒன்று கைவிடப்பட்டவள், இல்லாவிட்டால் உயிரை விட வந்தவள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றுகிறது. ஊர் பார்க்க வந்தவள் என்று தோன்றுவதில்லை. காசியில் மட்டும் இல்லை, நம் பக்கத்துக் கோயில் ஊர்களிலும் ஒற்றை ஆளுக்கு அறை இல்லை என்று சொல்கிற இடங்கள் எத்தனையோ. ஔவையார் ஊர் ஊராகத் தனியாக நடந்தாள். துணைக்கு யார் வந்தார்கள் என்று எந்த அரசனும் கேட்டதாகக் கதை இல்லை. இந்தக் காலத்தில் வந்திருந்தால் திண்ணையில்தான் படுத்திருக்க வேண்டும்.

மகனுக்குப் போன் போட்டு அந்த ஆளிடம் கொடுத்தேன். இந்தப் பிரயாணமே வேண்டாம் என்று ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தவன் அவன். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு முழுதும் கேட்கவில்லை. "மேரீ மா கூம்னே ஆயீ ஹை" என்றது மட்டும் கேட்டது. என் அம்மா ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறாள். அறை கிடைத்தது. ஆனாலும் அறுபத்தைந்து வயதுக்காரிக்கு அறை கொடுக்க முப்பத்தெட்டு வயதுக்காரன் உத்தரவாதம் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அதனால் இப்போது இரண்டு காரியம் செய்கிறேன். பதிவு செய்த கையோடு விடுதிக்கு நானே போன் செய்து, தனியாக வருகிற பெண், இன்ன வயது, அறை உண்டா என்று கேட்டு, உண்டு என்பதைப் போனில் எழுத்து மூலமாக வாங்கிவிடுகிறேன். இரண்டாவது, ஸ்டேஷனில் உள்ள ரயில்வே ஓய்வறை. உறுதியான டிக்கெட் இருந்தால் முன்பதிவு செய்யலாம், அதிகபட்சம் நாற்பத்தெட்டு மணி நேரம். பெரிய சௌகரியம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் டிக்கெட்டைத்தான் பார்ப்பார்கள், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க மாட்டார்கள்.

மூன்று நாள் இருந்தேன். அனுமன் காட்டிலும் கேதார காட்டிலும் தமிழ் காதில் விழும். பாரதியார் இளம் வயதில் அத்தை வீட்டில் தங்கியிருந்தது அனுமன் காட்டுப் பகுதியில்தான். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குப் பூஜைச் சாமான்கள் "சம்போ" என்று சொல்லிக்கொண்டு போவதைச் சந்தில் ஒதுங்கி நின்று பார்த்தேன். சந்துகளில் மாடும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாக வரும், நாம்தான் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கேதார காட்டுப் படிகள் உயரமானவை. மூட்டு வலிக்காரர்கள் இறங்குவதற்கு முன் ஏறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். நான் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். அக்காவோடு என்ன பேசினேன் என்பது இங்கே வேண்டாம். காசியில் ஒரு காயை விட வேண்டும் என்பார்களே, எனக்குப் பிடிக்காத பாகற்காயை விட்டுவிடலாமா என்று யோசித்து, அக்கா இருந்தால் சிரிப்பாள் என்று கத்திரிக்காயை விட்டேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

திரும்பும்போது ஒன்று கவனிக்க வேண்டும். காசியில் ஸ்டேஷன்கள் பல. நான் வந்து இறங்கியது வாராணசி ஜங்ஷன். திரும்பும் சிவகங்கா எக்ஸ்பிரஸ் பனாரஸ் என்ற ஸ்டேஷனிலிருந்து. முன்பு மடுவாடீ என்று இருந்ததை 2021-ல் பெயர் மாற்றியிருக்கிறார்கள். டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் ஆட்டோ ஏற வேண்டும். அன்று வண்டி புறப்படுவதற்கு முன் ரயில்வே பாதுகாப்புப் படையைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி என் பெர்த்துக்கு வந்தாள். 2020-லிருந்து தனியாகப் போகும் பெண்களுக்காக 'மேரி சஹேலி', அதாவது என் தோழி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பெர்த் நம்பர், போன் நம்பர் எழுதிக்கொண்டாள். 139-ஐ ஞாபகப்படுத்தினாள். "டரியே மத், மாதாஜி" என்றாள். பயமில்லை என்று சொன்னேன். அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

டில்லியில் காலையில் மகன் பிளாட்பாரத்துக்கே வந்திருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு, "அடுத்து எங்கேம்மா?" என்றான். கேலியாகக் கேட்டானா, நிஜமாகக் கேட்டானா தெரியவில்லை. நான் பதிலுக்குப் புரி என்று சொல்லிவைத்தேன். வருகிற தை மாதத்துக்குப் புருஷோத்தம் எக்ஸ்பிரஸில் இடம் போட வேண்டும். அறுபது நாள் கணக்கைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நம் சங்கத்தில் என் வயதுக்காரர்கள் யாருக்காவது ரிசர்வேஷன் பாரம் பூர்த்தி செய்யவோ, கம்ப்யூட்டரில் அந்த ஒதுக்கீட்டைத் தேடவோ தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நூலக நேரத்தில் வாருங்கள், சொல்லித் தருகிறேன். துணைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.